பதினைந்து பைசா அட்டையில் ஒரு வெற்றி

எண்பதுகளில் தபால் செஸ் ஆடியவர்களுக்குத் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே நெஞ்சு படபடக்கும். அவர் நீட்டும் பதினைந்து பைசா அட்டையில் ஒரு நகர்வு, முந்தைய அட்டை கிடைத்த தேதி, பதில் போட்ட தேதி, இடம் மிச்சமிருந்தால் ஊரில் மழையா வெயிலா என்று ஒரு வரி, அவ்வளவுதான் இருக்கும். வெள்ளை ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவதை 5254 என்று எழுதுவோம், எந்த மொழிக்காரருக்கும் புரியும். பத்து நகர்வுக்கு 30 நாள் அவகாசம். அட்டை ரயிலில் போகும் நாளெல்லாம் யார் கணக்கிலும் சேராது. ரேட்டிங் குறைந்தவனுக்கு அந்த நாட்கள்தான் சொத்து.

எனக்கு எதிராளியாக வாய்த்த கல்கத்தாக்காரர் ரேட்டிங்கில் என்னைவிட 200 புள்ளி மேலே இருந்தார். எலோ ரேட்டிங் கணக்குப்படி அப்படிப்பட்டவர் நூறு ஆட்டத்தில் 76 புள்ளி எடுக்க வேண்டும். ஆட்டம் முடியும் தறுவாயில், நீங்கள் சிப்பாயை வெட்டினால் செக், ராஜா ஒதுங்கினால் யானையால் ஓரத்துச் சிப்பாயை வெட்டுவேன் என்று நிபந்தனை நகர்வுகளை வரிசையாக எழுதி அனுப்பினார். நாளை மிச்சம் பிடிக்க எல்லோரும் செய்வதுதான். ஆனால் எதிராளி ஏற்றுக்கொண்டுவிட்டால் எழுதியதைத் திரும்பப் பெற முடியாது. வீடு அடங்கிய பிறகு அந்த வரிசையைப் பலகையில் வைத்துப் பார்த்தேன், மறுநாளும் பார்த்தேன். என் ராஜா ஒரு கட்டம் முன்னேறினால் போதும், ஓரத்துக்குப் போன அவருடைய யானை, ராணியாகப் போகிற என் சிப்பாயைத் தடுக்க நேரத்துக்குத் திரும்பாது. அவருடைய கடைசி அட்டையில் பொடி எழுத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டு, வாழ்த்தும் சொல்லி, அந்த ராஜா நகர்வு எப்போது கண்ணில் பட்டது என்று கேட்டிருந்தார். அப்படிக் கேட்கிற மனுஷனிடம் ஜெயித்ததில்தான் சந்தோஷம்.

இன்று நகர்வுகள் இணையத்தில் நொடியில் போய்ச் சேர்கின்றன; அட்டை தொலைந்து மாதக்கணக்கில் தவித்த அவஸ்தை ஒழிந்தது பெரிய விடுதலைதான். 1951இல் தொடங்கிய சர்வதேசத் தபால் செஸ் கூட்டமைப்பு கணினி எஞ்சின் துணையையும் அனுமதிக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் எந்த உலகச் சாம்பியனையும் விட பலசாலி. அது இருவர் மேசையிலும் இருப்பதால் இறுதிச் சுற்றுகளில் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவில் முடிகின்றன. கீழே இருப்பவன் தோற்பதும் அரிது, ஜெயிப்பதும் அரிது. எஞ்சின் தொடாமல், நம்பிக்கையின் பேரில், அட்டையிலேயே ஒரு போட்டி நடத்த யாராவது முன்வந்தால் நுழைவுக் கட்டணத்தை இன்றே கட்டிவிடுவேன்.