அரைக் கேரட்

ஐந்தோவன், நெதர்லாந்து
டிசம்பர் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

வாரம் மூன்று தடவை வீடியோவில் உங்கள் நெற்றியையும் கூடத்து மின்விசிறியையும் பார்க்கிறேனே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். இதைப் போனில் சொல்ல முடியாது. நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். இங்கே மீனுவுக்குப் பாம்புச் செவி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, பேத்தி ஊருக்கு வரும்போது கண்ணில் படாத இடத்தில் இதை வைத்துவிடுங்கள்.

விஷயம் இதுதான். உங்கள் மகன் மூன்று வாரமாக நள்ளிரவில் பச்சைக் கேரட் தின்றுகொண்டிருந்தான்.

எல்லாம் சிந்தர்கிளாஸ் என்கிற பெரியவரால் வந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு இவர்தான் மூலம். இவர் பெயர்தான் அமெரிக்காவுக்குப் போய்ச் சான்டா கிளாஸ் ஆனது. போன இடத்தில் ஆளும் பருத்துவிட்டார். இங்கே இருப்பவர் ஒல்லி. பிஷப்புடைய உயரத் தொப்பி, சிவப்பு அங்கி, கையில் வளைந்த கோல், ஏறிக்கொள்ள வெள்ளைக் குதிரை. இப்போதைய துருக்கியில் இருக்கும் மைரா ஊரில் பிஷப்பாக இருந்த புனித நிக்கோலாஸ்தான் இவர். ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால் ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் வருகிறார் என்பார்கள். துருக்கிக்காரர் ஸ்பெயினுக்கு எப்படிப் போனார், நாலாம் நூற்றாண்டு ஆளுக்கு நீராவிக் கப்பல் ஏது என்று நீங்கள் சிவப்பு மசி எடுப்பது தெரிகிறது. இருங்கள், அதற்கும் வருகிறேன்.

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை அவர் கரையிறங்குவார். வருஷத்துக்கு ஓர் ஊர். நாடே டிவியில் நேரலையாகப் பார்க்கும். அந்த வாரத்திலிருந்து டிசம்பர் 5 வரை பிள்ளைகளுக்கென்றே அவரைப் பற்றித் தினமும் டிவியில் செய்தி அறிக்கை. 2001 முதல் நடக்கிறது. வருஷா வருஷம் ஏதாவது ஒன்று காணாமல் போகும், பரிசு வராது போலிருக்கும், கடைசி நாளில் எல்லாம் சரியாகிவிடும். அம்மா பார்க்கும் சீரியலைவிடத் தேவலை. மூன்று வாரத்தில் முடித்துவிடுகிறார்கள்.

இந்த நாட்களில் ராத்திரி படுக்கப் போகும்முன் பிள்ளைகள் கணப்புக்குப் பக்கத்தில் செருப்பு வைத்துப் பாட்டுப் பாட வேண்டும். செருப்புக்குள் குதிரைக்கு ஒரு கேரட். குதிரை கூரை மேல் நடக்கும். சிந்தர்கிளாஸின் உதவியாள் புகைபோக்கி வழியாக இறங்கி, கேரட்டை எடுத்துக்கொண்டு மிட்டாய் வைத்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் கணப்பும் இல்லை, புகைபோக்கியும் இல்லை, சுவரில் ஹீட்டர்தான். மீனு அதைக் கேட்டபோது, பக்கத்து வீட்டுப் பாட்டிதான் "அவரிடம் எல்லா வீட்டுக்கும் சாவி இருக்கிறது" என்று காப்பாற்றினார். ராத்திரி முழுக்கச் சின்னவன் இனியன் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொன்னது வேறு கதை.

முதல் வருஷம் நான் செய்த தப்பு, சிக்கனம். பிள்ளைகள் தூங்கியதும் நல்ல கேரட் வீணாவானேன் என்று எடுத்து மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். மீனுவோ அதன் மேல் நகத்தால் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறாள்! மறுநாள் காய்கறித் தட்டைத் திறந்தால், 'மீனு'. "குதிரைக்கு வயிறு சரியில்லையாம்மா, திருப்பிக் கொடுத்துவிட்டது" என்றேன். சாயங்காலத்துக்குள் அந்தக் குதிரைக்கு ஓமத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று இரண்டும் அழ ஆரம்பித்துவிட்டன. வைத்தோம். காலையில் தம்ளர் காலியாக இருந்தது. அதையும் குடித்தது யார் என்று சொல்ல வேண்டுமா?

அதிலிருந்து கேரட்டைத் தின்றே ஆக வேண்டும் என்று ஆயிற்று. முழுதும் தின்றால் சாட்சியம் இல்லை. பாதி தின்று மீதியைத் தரையில் போட வேண்டும். இந்த வருஷம் உங்கள் மருமகள் கையில் டார்ச் விளக்கோடு நின்று, "மனுஷப் பல் தெரியாம கடிங்க" என்கிறாள். மனுஷப் பல்லை வைத்துக்கொண்டு வேறு எப்படிக் கடிப்பது? காலையில் மீனு அந்த அரைக் கேரட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் குதிரைக்கு முன்பல்லில் ஒண்ணு கோணல்" என்று என்னையே பார்த்தாள். நான் ஒரு வாரம் சிரிக்காமல் இருந்தேன்.

இனியனுக்கு நாலு வயதுதான். ஆனால் வியாபார புத்தி. தன் செருப்பை விட்டுவிட்டு என் பனிக்கால பூட்ஸைக் கொண்டுபோய் வைத்தான். கொள்ளளவு பார்த்திருக்கிறான்.

செருப்பில் வைப்பது என்னவென்றால், காசு அளவில் குட்டிக் குட்டி மசாலா பிஸ்கட். க்ராய்ட்நோத்தன் என்று பெயர். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் வாசனை அடிக்கும். ஆகஸ்ட் கடைசியிலேயே கடைக்கு வந்துவிடும். வெயிலில் பிஸ்கட்டா என்று வருஷா வருஷம் அலுத்துக்கொண்டே எல்லாரும் வாங்குவார்கள். முதலில் வாயில் போட்டபோது நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி நினைவுதான் வந்தது. 1658-லிருந்து 1781 வரை நம் நாகப்பட்டினத்தை வைத்திருந்த டச்சுக்காரர்கள் ஆயிற்றே! அத்தனை வருஷம் இருந்தும் ரசம் வைக்கக் கற்றுக்கொள்ளாமல் மசாலாவை பிஸ்கட்டில் போட்டுவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்று சாக்லேட் எழுத்து. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயரின் முதலெழுத்து. மீனுவுக்கு 'எம்', பரந்து விரிந்து பெட்டி நிறைய. இனியனுக்கு 'ஐ', ஒரு குச்சி. வந்தது வினை. பெட்டியைத் திருப்பிக் காட்டினேன்: இரண்டிலும் 65 கிராம் என்றுதான் இருந்தது. எழுத்து ஒல்லியாக இருந்தால் கனமாக வார்த்துவிடுவார்கள். எல்லா எழுத்தும் ஒரே எடைதான். சின்னப் பிள்ளையிடம் கிராம் செல்லுமா? கடைசியில் மருமகள், "உனக்குத் தமிழ் 'இ' செஞ்சு தரேன்டா" என்று சாக்லேட்டை உருக்கினாள். 'இ'யைச் சாக்லேட்டில் வார்ப்பது லேசில்லை அப்பா. சுழி இளகி, வால் ஒட்டி, கடைசியில் ஜாங்கிரி மாதிரி ஒன்று வந்தது. அவனுக்கு ஒரே பெருமை. இந்த வருஷம் கடையில் வாங்கிய 'ஐ'யைத் தொடவே இல்லை, "என் ஜாங்கிரி எங்கே?" என்கிறான்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். பண்டிகையில் நாம் பார்த்துப் பார்த்துச் செய்வது எதுவும் பிள்ளைகள் மனசில் ஒட்டுவதில்லை. சொதப்பியது ஒட்டிக்கொள்கிறது. ஒரு தடவை நடந்தால் அது விபத்து. மறுவருஷம் அவர்களுக்கு அது சாஸ்திரம்.

டிசம்பர் 5 ராத்திரிதான் பெரிய நாள். கதவு இடிபடும், ஓடிப்போய்த் திறந்தால் ஆளிருக்காது, வாசற்படியில் சாக்கு மூட்டை நிறையப் பரிசு இருக்கும். முதல் வருஷம் இடிக்க ஆளில்லாமல் நானே இடித்தேன். இந்த ஊர் வீடுகளில் கழிவறை வாசலுக்கு ஒட்டியே இருக்கும். அதற்கு எதிரே மின்சார மீட்டர் அலமாரி. மூட்டையை அலமாரியில் ஒளித்துவிட்டு, "பாத்ரூம் போறேன்" என்று எழுந்து போனேன். மூட்டையை வெளியே வைத்து, கதவை இடித்து, கழிவறைக்குள் பாய்ந்து, ஒன்றும் தெரியாதவன் போலத் தண்ணீரை இழுத்துவிட்டு வந்தேன். "அய்யோ அப்பா! நீ பாக்கலியே!" என்று இரண்டும் எனக்காகப் பரிதாபப்பட்டன.

மறுவருஷம் பக்கத்து வீட்டுப் பாட்டி தானே இடிக்கிறேன் என்றார். நான் நிம்மதியாகக் கூடத்தில் வீடியோ எடுக்க உட்கார்ந்தேன். இனியன் அழுகை. "அப்பா பாத்ரூம் போனாத்தான் சிந்த் வருவார்!" போனேன். இந்த வருஷமும் ஆறரை மணிக்கு இரண்டும் கைப்பிடித்து அழைத்துப்போய் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தின. இங்கே கழிவறைச் சுவரில்தான் சொந்தபந்தங்களின் பிறந்தநாள் காலண்டரை மாட்டுவார்கள். உங்கள் பிறந்தநாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுத் திருவிழாவின் உச்சக் கட்டத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. கேட்டிருக்கிறேன்.

பெரியவர்களுக்கும் உண்டு. சீட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவருக்குப் பரிசும் அவரைக் கிண்டலடித்து ஒரு பாட்டும். எழுதியவர் பெயர் போடக் கூடாது, கையெழுத்து சிந்தர்கிளாஸ். எதுகை மோனை வேண்டாம், இயைபு இருந்தால் போதும். காளமேகப் புலவருக்குத் தெரிந்திருந்தால் கப்பலேறி வந்து இங்கேயே குடியிருந்திருப்பார். என்னைப் பற்றி வந்த பாட்டில், குல்லாய் மேல் குல்லாய் போட்டு சைக்கிளில் போகிற ஒருவன், காதில் விழாததால் எல்லாருக்கும் "ஆமாம்" சொல்லி மூன்று கமிட்டியில் மாட்டிக்கொள்கிறான். நடந்ததைத்தான் எழுதியிருந்தார்கள்.

ஒரு நெருடலும் உண்டு. அந்த உதவியாள் வேஷத்துக்கு முன்பெல்லாம் முகம் முழுக்கக் கறுப்பு பூசி, சுருட்டை முடி வைத்து, உதட்டைச் சிவப்பாக்கி ஆடுவார்கள். அதைப் பார்க்கிற கறுப்பினப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்கும், எங்கள் சம்பிரதாயம் என்றவர்களுக்கும் பல வருஷம் சண்டை. 2019 முதல் டிவியில் வரும் ஊர்வலத்தில் கன்னத்தில் புகைக்கரித் தீற்றல் மட்டும்தான். புகைபோக்கியில் இறங்கினால் அவ்வளவுதானே ஒட்டும்? இனியன் அந்தத் தீற்றலுக்கு அம்மா அனுப்பிய கண்மையைக் காலி செய்துவிட்டான். அடுத்த பார்சலில் இரண்டு டப்பி வேண்டும்.

சம்பிரதாயம் என்றதும் கப்பல் கதை நினைவுக்கு வருகிறது. சிந்தர்கிளாஸ் ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் வருகிறார் என்று கிளப்பிவிட்டது பாதிரியார் இல்லை, ராஜா இல்லை. யான் ஸ்கெங்க்மன் என்று ஆம்ஸ்டர்டாமில் ஒரு வாத்தியார்! 1850-இல் பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் எழுதினார். அப்போது நீராவிக் கப்பல் புதுசு; பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று பெரியவரை அதில் ஏற்றிவிட்டார். இன்றைக்கு ஒரு நாடே துறைமுகத்தில் போய் நிற்கிறது. அந்த உதவியாளும் அதே புத்தகத்தில்தான் ஏறினார். அவரால் வந்த சண்டை இன்னும் ஓயவில்லை. வாத்தியார்கள் விளையாட்டுக்குச் சொன்னாலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் போலிருக்கிறது. நீங்களும் வாத்தியார், அதனால் சொல்கிறேன்.

அதனால்தான் கேட்கவும் செய்கிறேன். இந்த ஆகஸ்டில் கிருஷ்ண ஜெயந்திக்கு அரிசிமாவு கரைத்து நான்தான் பாதம் போட்டேன். ஒரு கையில் கிண்ணம், ஒரு கை முஷ்டி. முழுக்கப் போட்டு முடித்த பிறகு பார்த்தால், வாசலிலிருந்து பூஜை அலமாரி வரை எல்லாம் ஒரே கால். மீனு கேட்டாள்: "கிருஷ்ணர் நொண்டியடிச்சா வந்தார்?" ஆமாம், விளையாடிக்கொண்டே வந்தார் என்றேன். இனி எங்கள் வீட்டுக் கிருஷ்ணர் நொண்டியடித்துத்தான் வருவார், அது முடிந்துபோயிற்று.

நம் வீட்டில் மட்டும் பாதம் கொல்லைப்புறத்திலிருந்து வருமே, ஏன் அப்பா? தெருவில் எல்லார் வீட்டிலும் வாசலிலிருந்து வரும்போது, நம் குல வழக்கம் அது என்று நாற்பது வருஷமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. எந்த வருஷம், என்ன ஆயிற்று?

இன்னொன்றும் கணக்குக்கு வருகிறது. நான் சின்னவனாக இருந்தபோது வருஷா வருஷம் காலையில் வெண்ணெய்க் கிண்ணம் வழித்து நக்கியதுபோல் இருக்கும். நான் ஆறாவது படித்த வருஷம் கிருஷ்ணர் வெண்ணெயைத் தொடவே இல்லை. அவலை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு ரொம்ப வருத்தம். டாக்டர் உங்களுக்கு வெண்ணெய், நெய் கூடாது என்று எழுதிக் கொடுத்தது அந்த வருஷம்தானே?

அம்மாவுக்கு நமஸ்காரம். மூட்டு வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அன்புள்ள மகன்

பி.கு.: பாதம் போடும்போது இரண்டு கையையும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்று அம்மா வீடியோவில் சொல்லிக் கொடுக்க வேண்டாம். எனக்கும் இப்போது தெரியும். திருத்தினால் பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.