கரார்டுக்குப் புதுக் கை

கேள்வி: தாத்தாவின் கரார்ட் 401 ரெக்கார்டு பிளேயருக்குப் புது மரப்பெட்டியும் ஊசி தாங்கும் 12 அங்குலக் கையும் பொருத்த ஆசை. ஒரகடம் லேத்துப் பட்டறையில் கொடுக்கலாமா?
– வாசகர், படப்பை

பதில்: தாராளமாக. கார் பாகத்தையே மைக்ரான் கணக்கில் கடைபவர்களுக்கு இது எம்மாத்திரம்! 1965-இல் இங்கிலாந்தின் ஸ்விண்டனிலிருந்து வந்த 401-இல், மோட்டாரின் சுழற்சியை ரப்பர் சக்கரம் தட்டின் உள்விளிம்புக்கு நேரே கடத்துகிறது. கூடவே அதிர்வும் ஓசி சவாரி செய்யும். அதை அடக்கத்தான் கனமான பெட்டி. பிளைவுட்டை அடுக்கடுக்காக ஒட்டுங்கள். தேக்கு மேலே அழகுக்குப் போதும். 9 அங்குலக் கையைவிட 12-இல் ஊசியின் கோணப் பிழை குறைவு, எடைதான் கூடுதல். துளை போடுமுன் காகிதத்தில் வரைந்து, ஒட்டி அளந்துவிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் கோணம் கெடும். வீடு வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரமா? கன்டெய்னர் லாரியின் அதிர்வுக்கு எந்தப் பெட்டியும் ஈடுகொடுக்காது. சுவரில் அடித்த அலமாரியில் வையுங்கள்.