தெளிவுரை அடித்தல்: ஸ்ப்ரே கன் குறித்து ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

பெயிண்ட் ஷெட்டில் ‘கிளியர்’ என்று வழங்கும் பொருளுக்குத் தமிழில் முன்பே ஒரு பெயர் உண்டு: தெளிவுரை. அடியில் இருக்கும் நிறப் பூச்சு மூலம். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்து மூலத்தைப் பளிச்சென்று காட்டுவது உரை. நல்ல உரைக்குச் சொந்த நிறம் கிடையாது. வெயிலையும் மழையையும் காக்கை எச்சத்தையும் தான் வாங்கிக்கொண்டு மூலத்தைக் காப்பாற்றும். கனம் 50, 60 மைக்ரான் இருந்தால் உரை. 30க்குக் கீழே போனால் வெறும் குறிப்புரை. இவ்வளவு நெருக்கம் இருந்தும், உரையை மூலத்தின்மேல் ஏற்றும் கருவி எது என்பதைப் பற்றி நம் இலக்கண நூலார் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சுவடி, பெரியப்பா எனக்கு விட்டுப்போன ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டாகப் பிறந்து, 1961 முதல் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனத்தார் செய்துவந்த கார். உருவம் வரைந்தவர் இத்தாலியர் மிக்கெலோட்டி. மற்ற கார்களுக்கு பானெட் என்பது ஒரு மூடி. ஹெரால்டுக்கோ மூக்கு, விளக்கு, இரண்டு மட்கார்டு எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து முதலை வாய் பிளந்ததுபோல் நிற்கும். சமதளம், வளைவு, செங்குத்து மூன்றும் அந்த ஒரு துண்டிலேயே உண்டு. கிளியர் அடிப்பவனுக்கு வரக்கூடிய எல்லாத் துன்பமும் அதில் அடக்கம் என்பதால், ஆய்வை பானெட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

அஃதேல், அந்தக் காலத்து காருக்குக் கிளியரே கிடையாதே, இல்லாத உரையை ஏற்றுவது தகுமோ எனின்: நல்ல கடா. பழைய கார்களுக்கு நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில், லேக்கராகவோ எனாமலாகவோ இருந்தன. நிறம் தனி, கிளியர் தனி என்பது 1980களில்தான் பரவலானது. தூய மூலபாடக் கட்சியார் இன்றும் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரை அடித்துத் தேய்த்து, அடித்துத் தேய்த்து, ஆறு மாதத்துக்கொரு முறை பாலிஷ் போட்டு வாழ்கிறார்கள். அவர்களை மதிக்கிறேன். ஆனால் என் காருக்குக் கூரை தென்னங்கீற்று, பக்கத்து மனை முருங்கை மரம். உரை இல்லாமல் என் மூலம் பிழைக்காது.

கருவி இயல்

ஷெட்டில் இதைக் ‘கன்’ என்பார்கள். தமிழ்ப்படுத்தினால் துப்பாக்கி. இச்சொல்லைக் கேட்டுப் போலீசை நினைப்பவர்கள் திருக்குறளை மறந்தவர்கள். வான்சிறப்பு அதிகாரத்திலேயே அந்த எழுத்துக்கூட்டம் வந்துவிட்டது. அங்கே பொருள் உணவை உண்டாக்குவது. மேலிருந்து துளித்துளியாக விழுந்து கீழே இருப்பதை மினுமினுக்க வைப்பது மழைக்கும் கன்னுக்கும் பொதுத்தொழில் ஆகையால், வள்ளுவர் இக்கருவியை அறிந்திருந்தார் என்று யாரேனும் நிறுவக்கூடும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஊசியும் மூக்கும் சரியாகப் பொருந்தாவிட்டால் இது துப்பும்; ‘கன் துப்புது’ என்பதே ஷெட் வழக்கு. ஆகவே துப்பு ஆக்கி, காரணப்பெயர்.

இதன் குலமரபு மருத்துவக் குலம். அமெரிக்காவில் டொலிடோ நகரத்து டாக்டர் ஆலன் டெவில்பிஸ், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைப் பனிபோல் தெளிக்க ஒரு குமிழ் செய்தார். 1888இல் அதற்கென்று தொழிலே தொடங்கினார். அவர் மகன் தாமஸ் அந்த வித்தையைப் பெயிண்டுக்குத் திருப்பினார். அறுவைக் கருவி செய்துகொண்டிருந்த ஜெர்மன் சாட்டா நிறுவனமும் பிற்பாடு இதே பாதையில்தான் வந்தது. தொண்டைக்கட்டு இல்லாவிட்டால் பானெட்டுக்குப் பளபளப்பு இல்லை. இது மிகையல்ல: 1924இல் அமெரிக்காவின் ஓக்லண்டு கார்களுக்கு டூபாண்ட் நிறுவனத்தின் டியூகோ லேக்கர் வந்தபோது, அது பிரஷ்ஷை இழுத்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும் ஜாதியாக இருந்தது. தெளித்தே தீர வேண்டும். கன் இல்லாமல் டியூகோ இல்லை. நம் ஊரில் இன்றைக்கும் ‘டியூகோ அடிக்கணும்’ என்பார்கள், டப்பாவுக்குள் எது இருந்தாலும்.

கன்னுக்குள் நடப்பது எளிது. விசையை அரை அழுத்து அழுத்தினால் காற்று வரும்; முழுதும் அழுத்தினால் ஊசி பின்வாங்கிக் கிளியர் வரும். மூக்கைச் சுற்றி வரும் காற்று அதை உடைத்துத் தூளாக்குகிறது. மூடியின் இரண்டு கொம்புகளிலிருந்து வரும் காற்று அந்தத் தூளை இரு பக்கமும் அமுக்கி விசிறியாக விரிக்கிறது. கிளியருக்கு மூக்குத் துளை 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர். பிரைமர் அடிக்கும் 1.8 கன்னை எடுத்துக் கிளியர் அடித்தால் அது தெளிவுரை அல்ல, அபிஷேகம்.

இதுவரை கருத்து வேறுபாடில்லை. இனி உண்டு.

ஆலந்தூரில் தகரக் கூரை போட்ட ஷெட். உரையாசிரியர்கள் இருவர். முதல்வரை எல்லோரும் பாய் என்பார்கள். நாற்பது வருஷமாகக் கப் கீழே தொங்கும் உறிஞ்சு கன்னோடு குடும்பம் நடத்துபவர். 45 பிஎஸ்ஐ வைத்து அடிப்பார். தூள் மிக மென்மையாக உடையும், பளபளப்பு கண்ணாடிபோல் விழும். ஆனால் ஊற்றிய கிளியரில் மூன்றில் ஒரு பங்குதான் காரில் ஒட்டும். மீதி தகரத்தில், பாயின் பனியனில், சந்தில் நிற்கும் நாயின் முதுகில். இரண்டாமவர் அவருடைய அக்கா மகன். அவர் கட்சி, கப் மேலே இருக்கும் எச்விஎல்பி: காற்று நிறைய, அழுத்தம் கம்மி. கலிபோர்னியாவின் காற்று மாசுச் சட்டங்கள் வளர்த்த பிள்ளை அது. மூடியில் 10 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது, அடித்ததில் 65 விழுக்காடாவது பொருளில் ஒட்ட வேண்டும் என்பது அதன் இலக்கணம்.

“மாமூ, இதுல பாதிக் கிளியர் மிச்சமாவும்.”

“மிச்சமாவுற கிளியர்ல நான் இன்னா, வூட்டுக்குப் பாயாசம் காய்ச்சப் போறனா?”

நச்சினார்க்கினியர் எழுதியிருந்தால்கூட இவ்வளவு சுருக்கமாக மறுத்திருக்க மாட்டார்.

காற்றியல்

மருமகன், நண்பர் ஒருவரிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்த வெளிநாட்டு எச்விஎல்பி கன் வெல்வெட் பெட்டிக்குள் படுத்திருந்தது. விலை அரை லட்சத்துக்கு மேல். நானும் என் வாழ்நாளில் ஒரு பொருளை இவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. பானெட்டில் நேரே கைவைக்காமல் ஒரு பழைய அம்பாசிடர் கதவில் சோதித்தோம். முதல் இரண்டு இழுப்பு தேன். மூன்றாம் இழுப்பில் கன்னின் மூச்சு மாறியது. கதவின் கைப்பிடியைத் தாண்டியதும் கிளியர் தூளாக விழாமல் பொட்டுப்பொட்டாக விழுந்தது. பாய் கன்னைப் பார்க்கவே இல்லை. திரும்பி மூலையில் இருந்த கம்ப்ரசரின் முள்ளைப் பார்த்தார். முள் படுத்திருந்தது.

“கன்னா சார் அடிக்குது? காத்துதான அடிக்குது.”

இந்த ஆராய்ச்சியின் முடிவு இதுதான். முன்னால் வந்துவிட்டது, என்ன செய்வது. அந்தக் கன் நிமிஷத்துக்குச் சுமார் 430 லிட்டர் காற்று கேட்கும். ஷெட்டின் கம்ப்ரசர் 3 எச்பி. ஒரு எச்பிக்கு 4 கன அடி, அதாவது 113 லிட்டர் என்பது கடைக்காரர் கணக்கு. பிஸ்டன் வளையம் தேய்ந்த வயதில் மூன்று எச்பியும் சேர்ந்து 300ஐத் தொட்டால் பெரிது. தொட்டியில் சேமித்த காற்று இருக்கும்வரை கதவில் பாதி. அதற்குப் பிறகு சம்பளத்துக்கு முந்தைய வாரம்தான். கார் வைத்திருப்பவர்கள் கன்னைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். கம்ப்ரசரைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை, அது அழகாக இல்லை என்பதால்.

மருமகன் விடவில்லை. பக்கத்துப் பஞ்சர் கடைக் கம்ப்ரசரையும் ஒரு ‘டி’ போட்டு இணைத்தார். காற்று வந்தது. கூடவே அந்தக் கம்ப்ரசரின் எண்ணெயும் வந்தது. அதன் விளைவு அடுத்த இயலில்.

கடைசியில் இருவருக்கும் நடுவில் ஒரு சமரசக் கன் வாங்கினோம். மேல் கப், 1.3 மூக்கு, நிமிஷத்துக்கு 290 லிட்டர். இந்த நடுச்சாதியை ஒரு கம்பெனி ஆர்பி என்கிறது, இன்னொன்று டிரான்ஸ்டெக் என்கிறது. எச்விஎல்பி அளவுக்கு மிச்சப்படுத்தும், அந்த அளவுக்குக் காற்றைக் குடிக்காது. கன்னில் மிச்சம் பிடித்த பணத்தில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று, 10 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள ஹோஸ் ஒன்று, கரி மாஸ்க் இரண்டு. சென்னைக் காற்றை அமுக்கினால் பாதி தண்ணீர், ஆகவே ஃபில்டர். மாஸ்க் விஷயத்தில் எனக்கு வேடிக்கை வரவில்லை. கிளியரோடு இரண்டுக்கு ஒன்று கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழலைக் கெடுத்து ஆஸ்துமா தரும். வெளியிலிருந்து காற்று வரும் முகமூடிதான் முறை, கரி மாஸ்க் அதற்கு அடுத்தபடி. பாய் நாற்பது வருஷமாகக் கட்டியிருந்தது கைக்குட்டை.

திணை இயல்

கிளியரில் விளையும் குற்றங்களை ஐந்திணையில் அடக்கலாம் என்பது என் கண்டுபிடிப்பு. மேடும் பள்ளமுமாக எழுவது குறிஞ்சி. ஷெட்டில் ஆரஞ்சுத் தோல் என்பார்கள். காற்றுப் போதாமல் துளி பெரிதாக விழுந்தால் இம்மலை தோன்றும், அம்பாசிடர் கதவில் தோன்றியதுபோல. கன்னை ஒரு சாணுக்கு அப்பால் பிடித்தால் துளி வழியிலேயே காய்ந்து மணல்போல் விழும்: பிரிவு, ஆகவே பாலை. ஒரு கோட்டுக்கும் மறு கோட்டுக்கும் நடுவே 10, 15 நிமிஷம் இருத்தல் முல்லை. தலைவி ஆற்றியிருப்பாள், கார்க்காரன் இருக்க மாட்டான். அவசரப்பட்டால் உள்ளே மாட்டிய தின்னர் மேலே வர முட்டி, ஊசி குத்தியதுபோல் புள்ளி வைக்கும். செங்குத்துப் பகுதியில் கை தயங்கினால் கிளியர் கண்ணீராக வழியும்; இரங்கல், நெய்தல்.

மீன்கண் என்பதொன்று உண்டு. எண்ணெயோ சிலிகான் பாலிஷோ பட்ட இடத்தில் கிளியர் ஒட்டாமல் வட்டமாக விலகி நிற்கும். பஞ்சர் கடைக் காற்றால் எங்களுக்குக் கிடைத்தது இதுவே, ஒரு கதவில் முப்பதுக்கு மேல். மீன் என்ற கருப்பொருளால் இது நெய்தல். ஆனால் தொடமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது ஊடல், உரிப்பொருளால் மருதம். எனவே திணைமயக்கம் என்று முடிவு கட்டினேன். பாயிடம் சொன்னேன். தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கணும் என்றார்.

குற்றம் காரில் தெரிவதற்கு முன் காகிதத்தில் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் பழைய பேப்பர் ஒட்டி, கன்னை அரைச் சாணிலிருந்து முக்கால் சாணுக்குள் பிடித்து ஒரே ஒரு சொடுக்கு. நீள் வட்டம் விழுந்தால் சரி. நடுவில் மெலிந்து எட்டு போல் விழுந்தால் காற்று மிகுதி. வாழைப்பழம்போல் வளைந்தால் ஒரு கொம்பின் துளை அடைத்திருக்கிறது. அதைக் கம்பியால் குத்தும் மடையர் உண்டு. துளை பெருத்தால் மூடியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். பாய் பையிலிருந்து எடுத்தது தென்னை ஈர்க்குச்சி.

இடைச்செருகல்

அடித்த நாள் ஐப்பசியில் ஒரு மாலை. மழை விட்டிருந்தது. தூசி எழாமலிருக்க ஷெட் தரையில் வாசல் தெளிப்பதுபோல் தண்ணீர் தெளித்தோம். பாய் கலக்கிய கிளியரில் குச்சியை விட்டுத் தூக்கி, சொட்டும் வேகத்தை உதட்டுக்குள் எண்ணினார். கன் அவர் கையில். புதிய கட்சியின் கன்னை அவர் தொட்டதை நான் பதிவு செய்கிறேன். ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பில் முக்கால் பங்கை மூடியபடி, மணிக்கட்டு மடங்காமல், தோளிலிருந்து. மூக்கு, விளக்குப் புருவம், மட்கார்டு. கம்ப்ரசர் முள் படுக்கவில்லை. இரண்டாம் கோட் முடிந்து பாய் ஓர் அடி பின்னால் நகர்ந்தபோது, பானெட்டில் டியூப் லைட் முழுசாக, ஸ்டார்ட்டரோடு தெரிந்தது.

அந்த டியூப் லைட்டைத் தேடித்தான் ஈசல் வந்தது. இடது விளக்குக்கு மேலே உட்கார்ந்து, சிறகை விட்டுவிட்டு, ஈரக் கிளியரில் அரை அங்குலம் நடந்து எதையோ எழுதியது. மருமகன் லைட்டை அணைத்துவிட்டு முள்வாங்கியோடு ஓடினார். பாய் அவர் கையைப் பிடித்தார்.

“காயட்டும்டா. இப்ப தொட்டா ரெண்டா பூடும்.”

மறுநாள் 1500 வாட்டர் பேப்பர், பிறகு 2000, பிறகு காம்பவுண்டு. சிறகு போயிற்று, உடம்பு போயிற்று, எழுதிய வரியும் போயிற்று. ஒரு கால் மட்டும் ஆழத்தில் இருந்தது. அதற்குமேல் தேய்த்தால் மூலம் வந்துவிடும் என்று பாய் நிறுத்திக்கொண்டார். விளக்குக்கு இரண்டு விரல் மேலே, மாலை வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் தெரியும்.