சொட்டும் லாரியும் சுற்றி நிற்கும் நிபுணர்களும்

பவர் ஸ்டியரிங் என்பது ஓட்டுநரின் கைவலுவுக்கு எண்ணெயின் அழுத்தத்தைத் துணை சேர்க்கும் ஏற்பாடாகும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பம்பு, தொட்டியிலுள்ள எண்ணெயை அழுத்தக் குழாய் வழியாக ஸ்டியரிங் பாக்ஸுக்குள் செலுத்த, அது அங்குள்ள பிஸ்டனைத் தள்ளிச் சக்கரங்களைத் திருப்ப உதவிவிட்டு, இன்னொரு குழாய் வழியாகத் தொட்டிக்கே திரும்புகிறது. அமெரிக்காவின் பியர்ஸ்-ஏரோ நிறுவனத்தில் லாரிப் பிரிவுப் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ் 1926இல் இதனை ஓட்டிக் காட்டினார். 1951இல் கிறைஸ்லர் இம்பீரியல் காரில் இது விற்பனைக்கு வந்தது.

எஞ்சின் ஆயிலாவது எரிந்து புகையாகிப் போனது என்று சமாதானம் சொல்லலாம். எரியாத, ஆவியாகாத இந்த எண்ணெய் குறைந்தால், எங்கோ ஒழுகுகிறது என்பதே பொருள். ஆனால், ஒரு டப்பா வாங்கி ஊற்றியவுடன் ஸ்டியரிங்கின் கனமும் பம்பின் முனகலும் மறைந்துவிடுவதால், பழைய லாரியின் உரிமையாளர் அதையே வைத்தியமாகக் கருதி மாதக்கணக்கில் ஓட்டுகிறார்.

பட்டறைக்கு வந்தபின் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. நாமக்கல், சங்ககிரிப் பக்கத்தில் கேபினுக்கு அடியில் ஒருவர் தலையை நீட்டினால் போதும், நான்கு தலைகள் கூடவே நீளும். எண்ணெய் டிராப் ஆர்மின், அதாவது ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரங்களை அசைக்கும் இரும்புக் கையின் நுனியில் சொட்டுவதைக் கண்டு, பாக்ஸ் போய்விட்டது என்கிறார் ஓட்டுநர். பம்புதான் என்று அடித்துச் சொல்கிறார் பக்கத்து லேத்துக்காரர். இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது என்று நடுநிலை வகிக்கிறார் உதிரிபாகக் கடைக்காரர். சொட்டும் இடத்தை நோயின் இடமாகக் கொள்ளும் இந்தப் பிழைதான் செலவுகளுக்கெல்லாம் தாய் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. எண்ணெய் பிறக்கும் இடத்தில் சொட்டுவதில்லை, வழிந்து வழிந்து தாழ்ந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகே சொட்டுகிறது.

ஆகவே முதல் வேலை கழுவுதல். பல்லாண்டுப் புழுதியும் கிரீஸும் கட்டிப்போன பகுதியை டீசலும் பிரஷும் கொண்டு கழுவி, பனியன் வேஸ்ட்டால் ஈரமறத் துடைத்த பிறகே எஞ்சினை ஓடவிட வேண்டும். அப்போதும் லாரி, மருத்துவரைக் கண்டதும் நின்றுவிடும் பல்வலிபோல, சொட்டாமல் சாதுவாக நிற்கும். ஏனெனில் ஸ்டியரிங் நேராக இருக்கும்போது குழாயில் அழுத்தம் குறைவு. ஒருவர் ஏறி இரு புறமும் முழுவதுமாக ஒடித்தால்தான் அது 100 பாரைத் தாண்டும். லாரி டயரிலுள்ள காற்று சுமார் 8 பார் என்பதை நினைத்துப் பார்த்தால், மெல்லிய ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும் என்பது விளங்கும். அதனால், தடவிப் பார்க்கத் துடிக்கும் கிளீனரின் விரலுக்குப் பதிலாக ஓர் அட்டைத் துண்டை நீட்ட வேண்டும். கடைசிவரை ஒடித்த நிலையில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்திருப்பது பம்பைக் கொதிக்கவைக்கும்.

இவ்வாறு பார்த்தபோது, நனைந்த இடங்களில் மிக உயரத்தில் இருந்தது, பம்பில் அழுத்தக் குழாய் சேரும் பேஞ்சோ போல்ட். எண்ணெய் செல்வதற்கு நடுவில் துளையிட்ட இந்தப் போல்ட் நுழையும் குழாய்முனை வளையத்தின் இருபுறமும் ஒவ்வொரு செப்பு வாஷர் உண்டு. ஒருமுறை நசுங்கி இறுகிய வாஷர் மறுமுறை சரியாகப் படிவதில்லை. முன்பு குழாயை மாற்றியவர் பழைய வாஷரையே போட்டிருந்தார். அங்கிருந்து கசிந்தது குழாயின் முதுகோடு இறங்கி, குற்றமற்ற டிராப் ஆர்மில் சொட்டிக்கொண்டிருந்தது. நிபுணர்கள் மூவரும் இதைத் தாங்கள் முதலிலேயே சந்தேகித்ததாகக் கூறினர்.

புதிய வாஷர்களைப் போட்டு முடுக்கியபின், முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை இயக்காமலே ஸ்டியரிங்கை இரு பக்கமும் மெல்லச் சுற்றி, தொட்டியில் குமிழி நிற்கும்வரை எண்ணெய் ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று தங்கினால் எண்ணெய் நுரைத்து முனகல் திரும்பும். வடித்த பழைய எண்ணெயைத் துருப்பிடிக்காமலிருக்கச் சேசிஸில் பூசலாம் என்று கிளீனர் கேட்பார். தயவுசெய்து கொடுத்துவிட வேண்டாம். பூசினால் அடுத்த கசிவை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.