உயர்திரு பிரிவு 284 ஐயா அவர்களின் மேலான கவனத்துக்கு

அனுப்புநர்: ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர், நீச்சல் தெரியாதவர்.

பெறுநர்: உயர்திரு பிரிவு 284 (பழைய எண் 282) அவர்கள், பாரதிய நியாய சன்ஹிதா, புது தில்லி.

பொருள்: உல்லாசப் படகுகள் – அளவுக்கு மேல் ஆளேற்றுதல் – தங்களின் நெடுநாள் விடுப்பு – பணிக்குத் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்களின் 1860ஆம் ஆண்டுப் பணி நியமன ஆணை. 2. என் பேரனின் வாய்மொழிக் கேள்வி, சென்ற ஞாயிறு.

ஐயா,

வணக்கம். தங்களை எனக்குத் தெரியும். தங்களுக்கு என்னைத் தெரிந்திருக்க வழியில்லை. முப்பத்து மூன்று வருடம் கோப்பு தள்ளிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன். பொழுது போகாவிட்டால் சட்டப் புத்தகத்தைப் புரட்டும் கெட்ட பழக்கம் உண்டு. அப்படிப் புரட்டும்போதுதான் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில், கப்பலுக்குப் பொய் விளக்குக் காட்டுபவனுக்கும் பொதுவழியை மறிப்பவனுக்கும் நடுவில் தாங்கள் அடக்கமாக உட்கார்ந்திருக்கக் கண்டேன். சொல்வது இரண்டே வரி. ஏறியவர் உயிருக்கு ஆபத்தாகிற நிலையில் உள்ள கலத்திலோ, அப்படி ஆபத்தாகும் அளவுக்குச் சுமை ஏற்றிய கலத்திலோ, தெரிந்தோ கவனக்குறைவாலோ, கூலிக்கு ஆளேற்றிப் போகிறவருக்கும் போகச் செய்கிறவருக்கும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

முதலில் பதவி மாற்றத்துக்கு என் வாழ்த்து. 1862 ஜனவரி 1 முதல் பணியில் இருந்த தங்களுக்கு 2024 ஜூலை 1 அன்று புதுச் சட்டம், புது எண், கூடவே அபராத உச்சவரம்பு ஆயிரத்திலிருந்து ஐயாயிரமாக உயர்வு. சக ஊழியன் என்ற முறையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 162 வருடத்தில் நாலாயிரம் ரூபாய். வருட இன்கிரிமென்ட் இருபத்தைந்து ரூபாய்கூட முழுதாகத் தேறவில்லை. எங்கள் சங்கமாக இருந்தால் வேலைநிறுத்தம் அறிவித்திருக்கும். தாங்கள் பெருந்தன்மையானவர், அறிவிப்பெல்லாம் செய்யாமல் வேலையை மட்டும் நிறுத்திக்கொண்டீர்கள்.

பழைய சட்டத்தை வரைந்த மெக்காலே காலத்து ஆயிரம் ரூபாய்க்கு ஒரு நல்ல படகே கிடைத்திருக்கும். இன்றைய ஐயாயிரத்தை வைத்துக்கொண்டு ஆலப்புழையில் குடும்பத்தோடு ஓரிரவு படகுவீட்டில் தங்கப் பேரம் பேசிப் பாருங்கள்.

இப்போது பார்வை இரண்டுக்கு வருகிறேன். சென்ற ஞாயிறு பேரனைக் கூட்டிக்கொண்டு ஓர் ஏரிக்குப் போனேன். எந்த ஏரி, யார் நடத்துவது என்று எழுத மாட்டேன். எழுதினால் அங்கே மட்டும் இரண்டு வாரம் ஒழுங்காக நடக்கும், மற்ற இடங்களில் அதுவும் இராது. டிக்கெட் ஜன்னலுக்கு மேலே பலகை: ‘படகு சவாரி செய்வோர் தங்கள் சொந்தப் பொறுப்பில் செல்லவும். நிர்வாகம் பொறுப்பல்ல.’ பக்கத்தில் கொடியில் லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்கின. எனக்கு வந்ததில் மூன்று பக்கிளுக்கு ஒன்று இருந்தது. அதுவும் கையோடு வந்துவிட்டது. பேரனுக்குக் கொடுத்தது அவன் முழங்காலைத் தொட்டது.

“சின்ன சைஸ் இல்லையா தம்பி?”

“சும்மா மாட்டிக்கச் சொல்லுங்க சார். போட்டோவுக்குத்தானே.”

படகின் பக்கவாட்டில் ‘12 நபர்கள்’ என்று பெயிண்டில் எழுதியிருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் எண்ணினேன். எனக்கு முன்னால் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் பதின்மூன்று, பேரன் பதினாலு. எங்களுக்குப் பின்னாலும் ஏறினார்கள். கேட்டதற்கு, “சின்னப் பசங்கள்லாம் கணக்குல வராது சார்” என்றார் படகுக்காரர். பேருந்து நடத்துநரிடம் ஐந்து வயதுக் குழந்தைக்கு இதே வாதத்தை நான் வைத்ததுண்டு என்பதால் மேற்கொண்டு பேசவில்லை.

நடு ஏரியில் பேரன் கேட்டான்: “தாத்தா, போட் கவுந்தா யாரு பொறுப்பு?”

ஐயா, அந்தச் சொல்லோடு எனக்கு நீண்ட பழக்கம். அலுவலகத்தில் அது அடைப்புக்குறிக்குள்தான் வரும். ‘வட்டாட்சியர் (பொறுப்பு)’, ‘செயற்பொறியாளர் (பொறுப்பு)’. அந்த நாற்காலிக்கு உரியவர் இல்லை, பக்கத்து நாற்காலிக்காரர் கையெழுத்து மட்டும் போடுவார் என்று அர்த்தம். பெயர்ப்பலகையில் ‘பொறுப்பு’ என்று கண்டால், இவரைக் கேட்டுப் பயனில்லை என்று மனுக் கொடுக்க வந்தவரே திரும்பிவிடுவார்.

தேக்கடி ஏரியில் எத்தனை அடைப்புக்குறிகள் மிதந்தன என்று பாருங்கள். நம்மவர்களுக்கு அது வெளியூரே இல்லை. 1886இல் 999 வருடத்துக்கு எழுதிய குத்தகையின்படி கட்டி, 1895இல் முடித்த முல்லைப் பெரியாறு அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் அது. கம்பம் பள்ளத்தாக்கு நெல் குடிப்பதும் அதைத்தான். அணை தமிழ்நாட்டின் கையில். சுற்றியிருக்கும் காடு கேரள வனத்துறையின் புலிகள் காப்பகம். 2009 செப்டம்பர் 30 மாலை அந்தத் தண்ணீரில் போன ‘ஜலகன்யகா’ கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் இரண்டடுக்குப் படகு. நீரில் இறங்கி இரண்டு மாதம்கூட ஆகாத புதுப்படகு. 75 பேருக்கானதில் 80க்கு மேல் இருந்தார்கள். கரையில் விலங்குகள் தென்பட்டன, பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள், படகு சாய்ந்தது. 45 பேர் போனார்கள். அவர்களில் பலர் இங்கிருந்து சுற்றுலா போனவர்கள்.

உடனே காதில் விழுந்த விளக்கம் தங்களுக்கு நினைவிருக்கலாம். பயணிகள் எல்லாரும் ஒரே பக்கம் போய்விட்டார்களாம். விலங்கு காட்டுகிறோம் என்று சொல்லித்தான் டிக்கெட் விற்றார்கள். விலங்கு வந்தது, பார்த்தார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார்ந்ததால்தான் பந்தல் சரிந்தது என்று சொல்கிற சம்பந்தி வீட்டை நான் பார்த்ததில்லை. கூட்டம் முழுவதும் ஓர் ஓரத்துக்குப் போனால் கலம் எவ்வளவு சாயும் என்று பார்ப்பது படகு கட்டுகிறவர்களுக்குப் பாலபாடம். அந்தப் பாடத்தைக் கடைசியில் பயணிகளே நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. விபத்தின் பத்தாம் நினைவு நாள் வந்தபோதும் வழக்கு விசாரணை தொடங்கியிருக்கவில்லை.

விசாரணை ஆணையம் மட்டும் தாமதமாவதில்லை. 2002இல் குமரகத்தில் 29 பேர் இறந்தபோது நீதிபதி நாராயண குறுப்பு ஆணையம். 2007இல் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா வந்த 15 மாணவரும் 3 ஆசிரியரும் இறந்தபோது இன்னொரு ஆணையம். தேக்கடிக்கு மைதீன் குஞ்ஞு ஆணையம், 2023இல் தானூருக்கு மோகனன் ஆணையம். மகாகவி குமாரன் ஆசானைப் பல்லனை ஆற்றில் கொண்டுபோய்க் கவிழ்த்த படகு 1924இலேயே அளவுக்கு மேல் ஏற்றியதுதான். அதன் பெயர் ‘ரிடீமர்’, அதாவது மீட்பர். கேரளத்து நீரில் இதுவரை கவிழாத கலம் விசாரணை ஆணையம் ஒன்றுதான் போலிருக்கிறது.

அண்டை வீட்டைச் சொல்லிச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று நம் பழவேற்காடு ஏரியில், மீன்பிடிப் படகில் உல்லாசம் போனவர்களில் 22 பேர் திரும்பவில்லை.

அதே 22 என்ற எண் தானூரில் வேறு மாதிரி வந்தது. 2023 மே 7, ஞாயிறு, இருட்டிய நேரம், தூவல் தீரம் கடற்கரை. மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஏறலாம் என்று அனுமதித்தது 22 பேர். ஏறியது 37 பேர். இறந்தது 22 பேர், பாதிக்கு மேல் குழந்தைகள். சின்னப் பசங்கள் அங்கே கணக்கில் வந்தார்கள். உரிமையாளர் மேல் கொலைக் குற்றம், 302, போட்டார்கள். துறைமுக அதிகாரிகள் இருவரும் கைதானார்கள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் தங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அன்று அந்தப் படகு எப்படியோ தள்ளாடிக் கரை சேர்ந்திருந்தால், 37 பேரை ஏற்றிய குற்றத்துக்குத் தங்கள் விலை அன்றைய கணக்கில் ஆயிரம் ரூபாய். அதுவும் யாராவது தங்களைக் கூப்பிட்டிருந்தால். சேரவில்லை, ஆகவே கொலை. ஏற்றியவர் அதே ஆள், ஏறியதும் அதே 37 பேர். இறங்கியவர்களின் எண்ணிக்கை குறைந்ததும் ஆயிரம் ரூபாய் ஆயுள் தண்டனையாகிவிடுகிறது.

தங்கள் குடும்பத்து மூத்தவர்களை எனக்குத் தெரியும். 302, 304, 304அ, இப்போதைய 106. எல்லாரும் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள். பிணம் விழாமல் வீட்டுப் படி ஏற மாட்டார்கள். ‘யாராவது செத்தால்’ என்று ஒரு வார்த்தை தங்களிடம் இல்லை. ஆபத்தாக ஏற்றினாலே போதும். எல்லாரும் மூச்சுவிட்டுக்கொண்டு, முறுக்கு தின்றுகொண்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு இருக்கும்போதே உள்ளே வர உரிமை உள்ளவர் தாங்களும் அக்கம்பக்கத்தார் ஓரிருவரும்தான். வாரண்டுகூட வேண்டாம், ஒரு கான்ஸ்டபிள் போதும். அப்படிப்பட்டவரை ஞாயிற்றுக்கிழமை மாலைப் படகுத்துறையில் நான் ஒருநாளும் கண்டதில்லை. எஃப்.ஐ.ஆரில் பெரிய எண்களுக்குப் பின்னால், கூட்டுப் பாட்டில் கடைசி வரிசைக்காரர்போல, தலைகாட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள்.

இன்னொரு வருத்தமும் உண்டு. ‘போகிறவருக்கும் போகச் செய்கிறவருக்கும்’ என்கிறீர்களே, அந்தப் ‘போகச் செய்கிறவர்’ எங்கே ஐயா? டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே இருந்தவர், டெண்டரில் படகு வாங்கியவர், படகைப் பார்க்காமலே தகுதிச் சான்றில் ஒப்பமிட்டவர், ‘சீசன் நேரம், இலக்கை எட்டணும்’ என்று போனில் சொன்னவர், இவர்களையெல்லாம் ஒரே வினைச்சொல்லில் பிடிக்க 1860லேயே வலை பின்னிவிட்டீர்கள். வலையில் பெரும்பாலும் சிக்குவது சுக்கானைப் பிடித்திருந்தவர். தட்டேக்காட்டில் படகோட்டிக்குக் கீழ்நீதிமன்றம் ஐந்து வருடம் கொடுத்தது. உயர் நீதிமன்றம் அதைக் கவனக்குறைவுக் குற்றமாக மாற்றி இரண்டு வருடமாக்கியது. அவர் குற்றமற்றவர் என்று நான் வாதாடவில்லை. அந்தப் படகில் அவர் மட்டும் தனியாகப் போகவில்லை என்றுதான் சொல்கிறேன்.

‘கூலிக்கு’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு சந்தேகம். மைத்துனர் தன் புதுப் படகில் ஓசியில் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு போனால் தாங்கள் தலையிட மாட்டீர்கள். நம் ஊரில் ஓசியில் ஏற்றுகிறவர் உயிருக்கும் சேர்த்துத்தான் ஓசி என்று நினைக்கிறார் போலும்.

மனம் தளர வேண்டாம், தங்களைவிடக் கல்நெஞ்சக்காரர் அமெரிக்காவில் இருக்கிறார். தங்களுக்கு ஒன்பது வயது மூத்த ஒன்றுவிட்ட அண்ணன், 1851ஆம் ஆண்டுப் பொறுப்பு வரம்புச் சட்டம். விபத்து நடந்தால் முதலாளி கொடுக்க வேண்டியது, விபத்துக்குப் பிறகு கப்பலில் மிஞ்சியதன் மதிப்போடு சரி என்கிறவர். டைட்டானிக் முதலாளிகள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, மிஞ்சியது உயிர்காப்புப் படகுகளும் பயணக் கட்டணமும்தான், ஆகவே சுமார் 92 ஆயிரம் டாலர் என்றார்கள். கேட்டிருந்ததோ ஒரு கோடியே அறுபது லட்சம் டாலர். கடைசியில் 6,64,000 டாலருக்குச் சமரசமானது. 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியா கரையோரம், கடலில் முக்குளிக்கப் போன உல்லாசப் பயணிகளின் ‘கன்செப்ஷன்’ படகு எரிந்து 34 பேர் இறந்தார்கள். மூன்றாம் நாள் உரிமையாளர்கள் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். எரிந்து மூழ்கிய படகின் மதிப்பு பூஜ்யம், ஆகவே எங்கள் பொறுப்பும் பூஜ்யம். நம் ஊரில் மூன்றாம் நாள் பாலூற்றுவார்கள். அங்கே வக்கீல் ஊற்றினார். 2022 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் சிறு பயணிக் கலங்களை அந்த அண்ணன் பிடியிலிருந்து விடுவித்தது. ஆனால் அந்த 34 பேருக்குப் பின்தேதியிட்டுப் பயன் தரவில்லை. தலைமை மாலுமிக்கு 2024இல் நாலு வருடச் சிறை. அங்கேயும் சுக்கான்தான்.

அந்தக் குடும்ப ஜாடை நம் 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்திலும் கொஞ்சம் தெரிகிறது. காப்பீடு வேண்டும் என்று ஒரு கையால் எழுதி, உரிமையாளர் பொறுப்புக்கு வரம்பு கட்டிக்கொள்ளலாம் என்று மறுகையால் எழுதியிருக்கிறார்கள். பேருந்தில் அடிபட்டுச் செத்தவர் வீட்டாருக்குத் தெருவில் போகிற யாரும் வழி சொல்வார்கள்: மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம், இன்ன கோர்ட், இன்ன மாடி. படகில் போனவர் வீட்டார், முதலமைச்சர் அறிவிக்கும் தொகைக்காக டிவி முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது. தானூரில் பத்து லட்சம் அறிவித்தார்கள். முன்னதை இழப்பீடு என்கிறோம், பின்னதை நிவாரணம் என்கிறோம். கேட்டு வாங்குவதற்கும் கொடுத்ததை வாங்குவதற்கும் உள்ள தூரம் அது.

அடுத்த ஞாயிறு மறுபடி அதே ஏரிக்குப் போகிறோம். பேரன் விடுவதாக இல்லை. தங்களுக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வைக்கிறேன். நாலரை மணிக்கு மேல்தான் கூட்டம் சேரும். சிறைக்கெல்லாம் யாரையும் அனுப்ப வேண்டாம். பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள், உட்கார்ந்திருக்கும் தலைகளை எண்ணுங்கள், மிச்சமுள்ளவர்களை இறங்கச் சொல்லுங்கள். சின்னப் பசங்களையும் சேர்த்து எண்ண வேண்டும். முதலில் இறங்க வேண்டியவன் நான்தான். ஆட்சேபணை செய்ய மாட்டேன்.

வர இயலாவிட்டால் தெரிவிக்கவும். ‘பிரிவு 284 (பொறுப்பு)’ என்று வேறு யாரையும் அனுப்பிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பயணி எண் 13.

இணைப்பு: லைஃப் ஜாக்கெட் பக்கிள் – ஒன்று (உடைந்தது).

நகல்: டிக்கெட் ஜன்னலுக்கு மேலுள்ள பலகைக்கு, தகவலுக்காக.