கட்டத் தெரிந்த கைகளுக்கு ஒரு வாழ்த்து

வீடு கட்டுவதில் தமிழ்நாட்டுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். முகப்பேரில் குடியிருப்பவன் சொன்னால் இதை நம்பலாம். இரண்டு தலைமுறைக்கு முன்பு வயலும் ஏரியுமாகக் கிடந்த பக்கம் இது. வீட்டு வசதி வாரியம் வந்தது, மனை பிரித்தது, தெருவுக்கு எண் போட்டது. வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போன குமாஸ்தாவும், அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்று ஷிப்டு பார்த்த தொழிலாளியும் தவணை கட்டிச் சொந்தக் கூரைக்குக் கீழ் வந்து சேர்ந்தார்கள். அது எளிய சாதனை அல்ல. ஏரியைக்கூட நாம் மறந்துவிடவில்லை. 'ஏரித் திட்டம்' என்று ஒரு குடியிருப்புக்கே பெயர் வைத்து நினைவில் வைத்திருக்கிறோம்.

இங்கே வளரும் பிள்ளைக்குப் பள்ளி உண்டு, பூங்கா உண்டு, ஜே.ஜே. நகரிலிருந்து ஊர் முழுக்கப் போகப் பேருந்து உண்டு. சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலை விட்டால், தன் தாத்தாவைவிட வயதான ஒரு கட்டடத்துக்குள் அது கால் வைத்திருக்காது. பழைய வீடு ஒன்று எப்படி மூச்சு விட்டது, எந்த அறையில் நெல் கொட்டினார்கள், எந்த முற்றத்தில் மழை இறங்கியது என்று அதற்குத் தெரியாது. அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த வாழ்த்தை எழுதுகிறேன்.

முதலில் நம் தாராளத்தை வாழ்த்த வேண்டும். அண்ணா சாலையில் ஒரு தோட்ட மாளிகை இருந்தது. மதெய்ரோஸ் என்ற போர்த்துக்கீசியக் குடும்பத்திடமிருந்து 1753-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய வீடு. ஆளுநர்கள் தங்கினார்கள், ஆளுநர் இரண்டாம் கிளைவ் பிரபு காலத்தில் அது விரிந்து, பக்கத்திலேயே பெரிய விருந்து மண்டபமும் எழுந்தது. சுற்றிலும் தோட்டம், மரங்கள், கூவம் வரை நீண்ட நிலம். சென்னையின் அரசு எத்தனை முகம் மாறியது என்பதை ஒரே வளாகத்தில் நடந்து நடந்து சொல்லியிருக்கலாம். ஆனால் புதிய சட்டமன்றத்துக்கு இடம் தேவைப்பட்டது. நாம் தயங்கவில்லை. இரண்டரை நூற்றாண்டு வீட்டை இடித்துக் கொடுத்தோம். 2010 மார்ச்சில் புதிய வளாகம் திறந்தது. அடுத்த ஆட்சியில் சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது. 2014-இல் அதே கட்டடம் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆனது. அங்கே இன்று ஏழைகளின் இதயத்துக்கும் மூளைக்கும் சிகிச்சை நடக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. மக்கள் நலன் என்று வந்துவிட்டால் நாம் எதையும் கொடுக்கக்கூடியவர்கள். கொடுத்தது எந்த வேலைக்கு என்பதைக்கூடப் பிறகு முடிவு செய்துகொள்ளும் அளவுக்குத் தாராளம் நம்முடையது.

அடுத்து, நம் மரியாதை. அந்த விருந்து மண்டபம் தப்பி நிற்கிறது. வானியலாளர் கோல்டிங்ஹாம் வடிவமைத்து 1802-இல் திறந்த கட்டடம். ஆங்கிலேயரின் ஸ்ரீரங்கப்பட்டண வெற்றியைக் கொண்டாட எழுந்தது. விடுதலைக்குப் பின் ராஜாஜி மண்டபம் ஆனது. அந்த அகலமான படிக்கட்டை அறியாத தமிழர் இல்லை. 1969-இல் அண்ணாவை, 1987-இல் எம்.ஜி.ஆரை, 2016-இல் ஜெயலலிதாவை, 2018-இல் கருணாநிதியை அங்கேதான் கிடத்தினோம். லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று அழுத இடம் அது. ஒரு கட்டடத்துக்கு இதைவிடப் பெரிய கௌரவத்தை எந்த நாடும் தந்திருக்க முடியாது. தலைவர் ஒருவர் மறையும் நாளில் அந்தப் படிகள் நமக்கு நினைவுக்கு வருகின்றன. மற்ற நாட்களில் ஒரு பள்ளி ஆசிரியர் நாற்பது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், "இந்தத் தூண்கள் இப்படி ஏன் நிற்கின்றன தெரியுமா?" என்று பாடம் நடத்தி அந்த அமைதியைக் கலைப்பதில்லை.

நாம் கற்றுக்கொள்ளும் திறமும் பெரிது. சேப்பாக்கம் அரண்மனை 1768-இல் ஆற்காட்டு நவாப் வாலாஜாவுக்காக எழுந்தது. நவாபின் குடும்பம் போன பின், அரசு அலுவலகங்கள் அதற்குள் குடியேறின; கோப்புகள் மரக்கூரை வரை வளர்ந்தன. 2012 ஜனவரியில் அந்த அரண்மனையின் ஒரு பகுதியான கலசமகால் பற்றி எரிந்தது. தீயணைக்கப் போன வீரர் ஒருவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு பொதுப்பணித் துறை செய்த வேலையை நான் மனமாரப் போற்றுகிறேன். சிமென்டுக் கலவையை ஒதுக்கிவிட்டுச் சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்தார்கள். கடுக்காயும் வெல்லமும் சேர்த்தார்கள். மறந்துபோன கைவேலையை மேஸ்திரிகளுக்குத் திரும்பப் பழக்கினார்கள். நெருப்பு ஒருமுறை சொல்லிக் கொடுத்ததை நன்றாகக் கற்றுக்கொண்டோம். மீண்டெழுந்த மகாலில் இப்போது பசுமைத் தீர்ப்பாயம் அமர்கிறது. வழக்கு உள்ளவர்கள் அந்த வளைவுகளைப் பார்க்கிறார்கள்.

நம் நிதானத்தையும் விட்டுவிடக் கூடாது. பழைய கட்டடங்களைக் காக்கத் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டத்தை 2012-இல் இயற்றினோம். 2024-இல் அது நடைமுறைக்கு வந்தது. சட்டம் நிதானமாக வந்துகொண்டிருந்த காலம் முழுவதையும் விழாமல் நின்று கடந்த சுவர்களுக்கு இந்த வாழ்த்தில் பாதிப் பங்கு உண்டு.

செட்டிநாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். பர்மாத் தேக்கை உருட்டிக் கொண்டுவந்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சால் சுவரைக் கண்ணாடியாக்கி, ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக வீடு கட்டிய ஊர்கள் அவை. பங்காளிகள் ஐம்பது பேருக்குச் சொந்தமான வீட்டுக்கு யார் ஓடு மாற்றுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்காதபோது, அந்த வீடு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தூணாகவும் கதவாகவும் விலைக்கு வந்துவிடுகிறது. ஒரே வீட்டால் ஊர் ஊராகப் பல வரவேற்பறைகள் அழகு பெறுகின்றன. சில குடும்பங்கள் மட்டும் வீட்டை முழுசாக வைத்துக்கொண்டு, விருந்தினரைத் தங்கவைத்து, சமையலறைப் பெருமையையும் சேர்த்துப் பரிமாறி, அந்த வருமானத்தில் கூரையைக் காக்கின்றன. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவுக்கு, இடிக்கவிருந்த வீடுகளைக் கல்லும் கட்டையுமாகக் கழற்றிக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டும் தனியார் செய்த வேலை. அரசு அவர்களைத் தடுக்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் வியப்பது நம் பெருந்தன்மையை. கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில், வேளிமலை அடிவாரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 185 ஏக்கர் கோட்டைக்குள் ஆறரை ஏக்கரில் பரவிய மரவீடு அது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வரை திருவிதாங்கூரின் தலைநகரம். அந்த மண் தமிழ்நாட்டோடு சேர நாம் என்ன கொடுத்தோம் என்று தென் குமரியில் கேட்டுப் பாருங்கள். 1954 ஆகஸ்டு 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 1956 நவம்பர் 1-இல் அரண்மனை இருக்கும் கல்குளம் வட்டம் நம்மிடம் வந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசின் கையிலேயே இருந்துவிட்டது. அன்று முதல் இன்று வரை, நம் மண்ணில் நிற்கும் அந்த வீட்டின் ஓட்டை மாற்றுவதும் உத்தரத்தைக் காப்பதும் கேரளத் தொல்லியல் துறை. நாம் குறுக்கே நிற்கவில்லை.

அவர்கள் அதை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். மரத்தளத்துக்கும், மெருகேறிக் கண்ணாடியாகக் கிடக்கும் கருந்தரைக்கும் அதுதான் முதல் பாதுகாப்பு. திங்கட்கிழமை விடுமுறை, வீட்டுக்கும் ஒருநாள் ஓய்வு. உள்ளே போவதற்கு ஒரு வழி, வெளியே வர ஒரு வழி. பூமுகம் என்ற முன்மண்டபத்தின் மேற்கூரையில் ஒன்றைப்போல் ஒன்று இல்லாத பூச்செதுக்குகள், சங்கிலியில் தொங்கும் குதிரைவீரன் விளக்கு, ஆலோசனைக் கூடமான மந்திரசாலையின் மைக்கா சன்னல், பல மூலிகை மரத்தில் இழைத்த கட்டில், ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட ஊட்டுப்புரை, ஊறுகாய் நிறைந்திருந்த சீன ஜாடிகள், பலாமரத் தூணில் வேலைப்பாடு நிறைந்த தாய்க்கொட்டாரம் என்று அறைக்கு அறை ஊழியர் நின்று காட்டுகிறார்கள். நான்கு அடுக்கு உப்பரிகை மாளிகையின் உச்சியில் சுவரோவியங்கள் இருக்கின்றன. கூட்டத்தின் மூச்சுக்காற்று அவற்றைக் கெடுத்துவிடாமல் அவர்கள் கவனமாக இருக்கிறார்கள். மரமும் ஓடுமான வீட்டுக்கு இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் அது. ஒரு வருஷம் ஓடு பார்க்காமல் விட்டால் போதும், அடுத்த வருஷம் உத்தரம் இற்றுப்போகும்.

வீடு உயிரோடும் இருக்கிறது. நவராத்திரி வந்தால் அங்கிருந்து சரஸ்வதி அம்மன், வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். உப்பரிகை மாளிகையில் அரச உடைவாள் கைமாறும். இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து நிற்பார்கள். பார்க்க வந்தவர் காட்சிப்பொருளைப் பார்த்துவிட்டுப் போவதில்லை. வேலையில் இருக்கும் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார். திருப்பூணித்துறையில் கொச்சி அரசரின் மலை மாளிகையையும் அவர்கள் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்: 1865-இல் தொடங்கிய 49 கட்டடங்களில் அருங்காட்சியகம், மான் பூங்கா, மரபுக்கல்வி மையம். நம் பங்குக்கு 'வருஷம் 16' படத்தைப் பத்மநாபபுரத்தில் எடுத்தோம். அந்தக் கூடங்களின் அழகு 1989-இலேயே நம் ஊர்த் திரை வரை வந்துவிட்டது.

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். கட்டியதில் கால்பங்கே மிஞ்சியது. அந்தக் கால்பங்கைச் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு எடுத்துக் கட்டினார். 1970 வரை அங்கே நீதிமன்றம் நடந்தது. 1981-இல் ஒலி-ஒளிக் காட்சி தொடங்கியது. மிஞ்சியதே இத்தனை கம்பீரமாக நிற்பதால் நம் குறைகள் அதன் நிழலில் தெரிவதில்லை.

இங்கிலாந்தில் 1895-இல் நேஷனல் டிரஸ்ட் தொடங்கியபோது அவர்களிடமும் பணம் இல்லை. பின்னாளில், பராமரிக்க முடியாத பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகைகளை ஒவ்வொன்றாக ஏற்று, சமையலறையைத் திறந்து காட்டி, தோட்டத்தில் தேநீர்க் கடை வைத்து, உறுப்பினர் சந்தாவிலும் தன்னார்வலர் உழைப்பிலும் நடத்தக் கற்றார்கள். அந்த மாளிகைகளைக் காக்கும் காசில் பெரும்பங்கு சந்தா கட்டுபவர், பார்க்க வருபவர் பையிலிருந்து வருகிறது. பூட்டிய வீட்டுக்கு வருமானமே கிடையாது. வருமானம் இல்லாத வீடு கோப்பில் செலவாக மட்டும் நிற்கும். செலவாக நிற்பதை இடிப்பது எளிது. நம்மிடம் பழைய வீடுகள் போன வழி இதுதான். கெட்ட எண்ணத்தால் நாம் எதையும் இழக்கவில்லை. நல்ல காரியங்களுக்காகவே எல்லாவற்றையும் இழந்தோம். இந்த வாழ்த்து முழுக்க நான் சொல்ல வந்தது இதுதான். இதில் ஒரு சொல்லையும் பொய்யாகச் சொல்லவில்லை.

நம்மால் முடியாது என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. முகப்பேருக்குப் பக்கத்து அண்ணா நகரில் 1968 வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம் பன்னிரண்டு ஆண்டுக் காலம் பூட்டிக் கிடந்தது. பாதுகாப்புக் கம்பி அடித்து, வர்ணம் பூசி, 2023-இல் திறந்தார்கள். சின்னக் கட்டணம்தான். குடும்பம் குடும்பமாக ஏறிப் போய் ஊரைப் பார்த்தார்கள். அங்கிருந்து தங்கள் தெருவைத் தேடினார்கள். பூட்டைத் திறக்கத் தெரிந்த கைகள் நம்மிடமும் இருக்கின்றன. அந்தக் கைகளை நான் எந்த உள்ளர்த்தமும் இல்லாமல் வாழ்த்துகிறேன்.

அதே கைகளிடம் கேட்கிறேன். ராஜாஜி மண்டபத்தை வாரம் இரண்டு நாளாவது பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். இடித்த மாளிகையின் வரைபடத்தையும் படங்களையும் உள்ளே மாட்டுங்கள். சேப்பாக்கத்தில் ஒரு கூடத்தையாவது அலுவலகத்திடமிருந்து மீட்டு, சுண்ணாம்பு அரைத்த மேஸ்திரிகளை வைத்தே அந்த வேலையை மக்களுக்குக் காட்டுங்கள். வாங்கும் கட்டணம் அந்தக் கட்டடத்தின் கூரைக்கே போகும்படி தனிக் கணக்கு வையுங்கள். கேரளத் தொல்லியல் துறைக்கு நம் அதிகாரிகளையும் தச்சர்களையும் அனுப்பி, ஆறரை ஏக்கர் மரவீட்டை மழையில் நனையாமல் காப்பது எப்படி என்று படித்துவரச் சொல்லுங்கள். அதில் நமக்கு வெட்கம் வேண்டாம். வீடு நம் மண்ணில்தான் இருக்கிறது, பாடம் எடுக்கத் தூரம் போக வேண்டியதில்லை. முகப்பேர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும் பேருந்துக்கு நாங்கள் பெற்றோர்கள் காசு போட்டுக்கொள்கிறோம். கதவை மட்டும் நீங்கள் திறந்து வையுங்கள்.