ஓடு, ஓட்டு, 'ரன்'!

கேள்வி: ஆங்கிலத்தில் 'ரன்' என்கிற ஒரே வினைச்சொல்லுக்கு 645 பொருள் என்கிறார்களே, நம்பலாமா? – பட்டதாரி ஆசிரியர், தேனி

தாராளமாக நம்பலாம். எண்ணிச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர். இந்த ஒரு சொல்லை மட்டும் திருத்தி எழுத அவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்'தான் ராஜா; 430 பொருள், அவற்றை விளக்கச் சுமார் 60,000 சொற்கள். ஒரு நாவலே எழுதிவிடலாம். அந்த 'செட்'டை 'ரன்' ஓரங்கட்டியதற்கு இயந்திரங்கள் முக்கியக் காரணம். ரயில் வந்தது, அது 'ரன்' ஆனது. மில் வந்தது, மோட்டார் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது; எல்லாமே 'ரன்'. ஆனால் 645 என்றதும் மிரள வேண்டாம். நூலிழை வித்தியாசத்தைக்கூடத் தனிப் பொருளாகப் பிரிப்பது அகராதிக்காரர் வேலை. வகுப்பறைக்கு அதில் முப்பது இருந்தால் போதும்.

கேள்வி: கடையை நடத்துவதை ஏன் 'ரன்' என்கிறார்கள்? கடை எங்கே ஓடுகிறது? – மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

உங்கள் கடையை நீங்கள் 'நடத்துகிறீர்கள்' அண்ணாச்சி. கடை எங்கே நடக்கிறது? வியாபாரம் சூடு பிடித்தால் 'நல்லா ஓடுது' என்றும் நீங்களேதான் சொல்கிறீர்கள்.

கேள்வி: 'ஹி ரன்ஸ்' என்றால் அவன் ஓடுகிறான். 'ஹி ரன்ஸ் எ ஸ்கூல்' என்றால் பள்ளியை நடத்துகிறான். ஒரே சொல் இரண்டு வேலையையும் எப்படிப் பார்க்கிறது? – கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

அருமையான கேள்வி, இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழில் பஸ் ஓடும், டிரைவர் ஓட்டுவார். தானாகச் செய்வது தன்வினை, பிறிதைச் செய்ய வைப்பது பிறவினை. ஆடு – ஆட்டு, கூடு – கூட்டு, ஓடு – ஓட்டு. ஒரு 'ட்' விழுந்தால் போதும், பொறுப்பு கைமாறிவிடும். பழைய ஆங்கிலத்திலும் இந்த வசதி இருந்தது. தானே ஓடுவதற்கு 'ரின்னன்', ஓட வைப்பதற்கு 'ஏர்னன்' என்று இரண்டு வினைகள். காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டன. அதனால்தான் ஆறும் 'ரன்', ஆலையை ஓட்டுபவரும் 'ரன்'.

அந்தப் பழைய முறையின் மிச்சம் இன்றும் கண்ணில் படும். 'சிட்' என்றால் உட்கார். உட்கார வைத்தால் 'செட்'. 'ஃபால்' என்றால் விழு. மரத்தை வெட்டி விழ வைத்தால் 'ஃபெல்'. 'ரைஸ்' – 'ரெய்ஸ்' ஜோடியும் இதே கதைதான். பள்ளியில் இவற்றைத் தனித்தனிச் சொற்களாக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். நம் தன்வினை பிறவினையைப் பக்கத்தில் வைத்துச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கில இலக்கணத்தில் கிடைக்கிற அனுகூலத்தை நாமே வீணடிக்கிறோம் என்பது என் தீராத வருத்தம்.

கேள்வி: பவுண்டரி அடித்தால் யாரும் ஓட வேண்டாம். பிறகு அது எப்படி நாலு 'ரன்'? – கிரிக்கெட் ரசிகர், மதுரை

ஓடிச் சேர்த்த காலத்தில் நிலைத்த பெயர், ஓடாதபோதும் ஒட்டிக்கொண்டது. அதற்கும் முன்னால் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரன்னை 'நாட்ச்' என்றார்கள். ஸ்கோர் எழுதுகிறவர் குச்சியில் ஒவ்வொரு வெட்டாகப் போட்டுக் கணக்கு வைத்ததால் வந்த பெயர்.

கேள்வி: மெயில் அனுப்பும் முன் 'ரன் இட் பை மீ' என்றார் மேனேஜர். எதை எங்கே ஓட்டுவது? – ஐ.டி. ஊழியர், சென்னை

எங்கும் ஓட்ட வேண்டாம் தம்பி. அனுப்பும் முன் அவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

'ரன்' பின்னால் ஒட்டிக்கொள்ளும் குட்டிச் சொற்களில்தான் சூட்சுமம். 'ரன் அவுட் ஆஃப்' என்றால் தீர்ந்துபோவது: பால், பணம், பொறுமை எதுவானாலும். 'ரன் இன்டு' என்றால் வழியில் யதேச்சையாக ஒருவரைப் பார்ப்பது; அதுவே கார் ஒன்று சுவரை 'ரன் இன்டு' செய்தால் மோதல். மீட்டிங் 'ரன் ஓவர்' என்றால் நேரம் தாண்டிவிட்டது. நாயை 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏறிவிட்டது. 'ரன் டவுன்' இன்னும் பொல்லாதது. பேட்டரியும் அப்படித் தீரும், உடம்பும் அப்படிச் சோரும், ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவதும் அதுவே. ஆகவே யார், எதை என்ற இரண்டையும் பார்த்துவிட்டு அர்த்தத்துக்குப் போங்கள்.

கேள்வி: மூக்கு ஓடுமா? – ஆறாம் வகுப்பு மாணவன், திருச்சி

ஆங்கிலத்தில் ஓடும், தமிழில் ஒழுகும். சட்டையின் சாயம் அங்கே 'ரன்', இங்கே போய்விடும். காய்ச்சல் அங்கே 'ரன்', இங்கே அடிக்கும். கைக்குட்டை இரண்டு ஊரிலும் ஒன்றுதான் கண்ணா!

கேள்வி: நம் 'ஓடு'வும் சளைத்ததில்லையே? – ஓய்வு பெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி

சளைக்கவே இல்லை ஐயா. படம் நூறு நாள் ஓடுகிறது, மனசுக்குள் ஏதோ ஓடுகிறது, கவலை வந்தால் கையும் ஓடாது காலும் ஓடாது. 'ஓட்டம்' என்று வைத்தால் நீரோட்டம், மின்னோட்டம், தேரோட்டம், முன்னோட்டம் என்று ஒரு பெரிய குடும்பம். புதுத் தேரை இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்கிறோம். ஆங்கிலேயருக்கு அது 'டிரையல் ரன்'. இரண்டு மொழியும் தனித்தனியாக யோசித்து ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. திருக்குறளின் 58-ஆம் அதிகாரம் 'கண்ணோட்டம்'. வள்ளுவர் சொன்னது இரக்கம். இன்றைய பத்திரிகைகளில் அதற்கு வெறும் பார்வைக் கோணம் என்றுதான் அர்த்தம். பழைய பொருளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள் ஐயா, உங்கள் தலைமுறை சொன்னால்தான் உண்டு.

கேள்வி: தேர்தலில் 'ரன்' சரியா, 'ஸ்டாண்ட்' சரியா? – போட்டித் தேர்வு எழுதுபவர், சேலம்

இரண்டும் சரி. அமெரிக்காவில் ஓடுகிறார்கள், பிரிட்டனில் நிற்கிறார்கள். தமிழில் நாமும் நிற்கிற கட்சிதான்!